வீட்டு வலை வேறு, இணையம் வேறு

கோல சிலாங்கூரை அடுத்த புக்கிட் ரோத்தானில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோயில் திருவிழாவில் எடுத்த நாற்பது படங்களைக் கூடத்தில் இருக்கும் அம்மா, அறையில் கணினி முன் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். படங்கள் கைப்பேசியிலிருந்து ரவுட்டருக்குப் போகின்றன. அங்கிருந்து செம்பனைக் காட்டுக்கு அப்பால் நிற்கும் கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து கண்ணாடி இழை வழியே நெடுந்தொலைவில் உள்ள சேவையகத்துக்கும் போய், அதே பாதையில் திரும்பி அடுத்த அறைக்கு வருகின்றன. போகையில் ஒருமுறை, வருகையில் ஒருமுறை என டேட்டா இருமுறை கரைகிறது. வழியில் படங்கள் சுருக்கப்பட்டுத் தெளிவையும் இழக்கின்றன.

அதே படங்களைச் சுவரைத் தாண்டி நேரே அனுப்பலாம். டேட்டா செலவாகாது. வெளி இணைப்பு அறுந்து கிடந்தாலும் வேலை நடக்கும். படமும் எடுத்தபடியே போய்ச் சேரும்.

வீட்டுக் கைப்பேசிகளும் கணினியும் தொலைக்காட்சியும் ஒரே ரவுட்டரோடு இணைந்த கணமே அவற்றுக்குள் ஒரு தனி வலை உருவாகிவிடுகிறது. அதற்குச் சந்தா கிடையாது. இணையம் என்பது அந்த வலையிலிருந்து வெளியே போகும் ஒரே ஒரு வாசல். வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் அந்த வாசல் குறுகலானது. அதை அகலப்படுத்துவது அரசும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை. உள்ளே இருக்கும் வலையைச் சீராக்குவது வீட்டார் கையில் இருக்கிறது. அதற்கான மென்பொருள்களில் பெரும்பாலானவை இலவசம்.

லைன் ஏன் இளைக்கிறது?

மலேசியாவில் ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசைச் சேவை 2001-இல் வந்தது. தொலைபேசிச் செம்புக் கம்பியிலேயே தரவை ஓட்டும் ஏ.டி.எஸ்.எல். நுட்பம் அது. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட அதன் வேகம் குறையும். சுமார் 5 கிலோமீட்டரைத் தாண்டினால் இணைப்பு நிலைப்பதே கடினம். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், ஜெராம் போன்ற ஊர்களின் கடைத்தெருவுக்கு அது எட்டியது. செம்மண் சாலையில் இன்னும் பல கிலோமீட்டர் உள்ளே இருந்த லயங்களுக்கு எட்டுவது கடினமாக இருந்தது. 2010 மார்ச் 24 அன்று யூனிஃபை கண்ணாடி இழைச் சேவை தொடங்கியபோதும் முதலில் பயன்பெற்றவை கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப் பகுதிகளே.

தோட்டத்தில் பலருக்கும் இணையம் என்றால் கைப்பேசி இணைப்புதான். 2021 இறுதியோடு நாட்டில் 3ஜி சேவை மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 5ஜி, 2023 முடிவுக்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டை எட்டியது. அப்படிப்பட்ட கணக்கில் மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள் முன்னால் நிற்கும்; சில குடும்பங்கள் மட்டும் வாழும் தோட்டம் கடைசியில்தான் வரும். 

இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது. மலேசிய 5ஜி பயன்படுத்தும் அலைகளில் 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், தடைகளை ஓரளவு ஊடுருவும். 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும்; ஆனால் தடைகளில் சீக்கிரம் வலுவிழக்கும். நீர் நிறைந்த செம்பனை மட்டைகள் வரிசை வரிசையாகக் குறுக்கே நின்றால் அலை மெலியத்தான் செய்யும். தகரக் கூரையோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும்.

ஆகவே சிம் அட்டை போடும் ரவுட்டரை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலோரம், முடிந்தவரை உயரத்தில் அதை வைக்க வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலோ கைப்பேசிச் செயலியிலோ சிக்னல் வலிமை 'டிபிஎம்' அலகில் மைனஸ் எண்ணாகத் தெரியும். 4ஜி இணைப்பில் மைனஸ் 80-க்குப் பக்கம் என்றால் நல்லது. மைனஸ் 110-ஐ நெருங்கினால் மெலிவு. ரவுட்டரை ஒவ்வோர் இடமாக வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால், வீட்டில் எது சரியான இடம் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையில் இருக்கும் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டன. அந்தத் தட்டுப்பாட்டை முன்பே உணர்ந்த பொறியாளர்கள் 1990-களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சில எண் வரிசைகளை வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் அப்படி வந்தவை. சபாக் பெர்ணமில் ஒரு வீட்டுக் கணினிக்கும் சென்னையில் ஒரு வீட்டுக் கணினிக்கும் 192.168.1.5 என்ற ஒரே முகவரி இருக்கலாம், குழப்பம் வராது. வெளியே போகும்போது ரவுட்டர்தான் முகவரியை மாற்றி அனுப்புகிறது.

இந்த உள் முகவரிகளை வைத்துக்கொண்டே கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியிலும் கணினியிலும் போட்டால், ஒன்றை ஒன்று தானே கண்டுகொள்ளும். படத்தைத் தேர்ந்து பெயரைத் தொட்டால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் அது ஓடும். ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே கூகுளின் குவிக் ஷேர் அதே வேலையைச் செய்யும். இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றை ஒன்று காணவில்லையானால், அவற்றில் ஒன்று ரவுட்டரின் விருந்தினர் வலையில் இருக்கக்கூடும். விருந்தினர் வலை கருவிகளைப் பிரித்து வைப்பதற்காகவே இருப்பது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். மூலையில் கிடக்கும் பழைய கணினியில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவி, குடும்பத்தின் திருமண ஒளிப்படங்களையும் பிள்ளைகளின் பள்ளி விழாப் பதிவுகளையும் அதில் சேர்த்து வைத்தால், வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் பதிவிறக்க வேண்டியதில்லை.

மின்மினிகளுக்கு நேர்மாறான ஒழுங்கு

கம்போங் குவாந்தானில் இரவில் படகேறியவர்கள் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களைக் கண்டிருப்பார்கள். டெரோப்டிக்ஸ் டெனர் என்ற மின்மினி இனம் மரம் முழுக்க அமர்ந்து ஒரே தாளத்தில் மின்னும். தாளம் சொல்லத் தலைவன் கிடையாது. ஒவ்வொரு பூச்சியும் மற்றப் பூச்சிகளைப் பார்த்துத் தன் தாளத்தைச் சற்றே திருத்திக்கொண்டால் முழுக் கூட்டமும் ஒத்திசைந்துவிடும் என்பதை ரெனாட்டோ மிரோலோ, ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணிதவியலாளர்கள் 1990-இல் நிறுவினர். அந்த வழிமுறையை எடுத்து, கம்பியில்லா உணரிக் கருவிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்க 2005-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் செய்து காட்டினர்.

வைஃபைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான ஒழுங்கு. சேனல் எனப்படும் ஒரே தடத்தில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சுமே கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு கருவியும் பேசும் முன் காது கொடுத்துக் கேட்கிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருந்து, பிறகு தற்செயலாக ஒரு சிறு இடைவெளி விட்டுத் தன் முறையை எடுத்துக்கொள்கிறது. ஆள் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். லயத்தில் அடுத்தடுத்த வீடுகளுக்குச் சுவர் பொது. பக்கத்து வீட்டு வைஃபையும் அதே தடத்தில் இருந்தால், இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டு வாழ்கின்றன.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தடங்கள் 1, 2, 3 என்று போனாலும் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ்தான் தள்ளி இருக்கிறது. ஒரு சிக்னலின் அகலமோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைத் திறந்தால் அக்கம்பக்கத்தில் யார் எந்தத் தடத்தில் இருக்கிறார்கள் என்று படமாகக் காட்டும். காலியாக உள்ளதை ரவுட்டரில் தேர்ந்தெடுக்கலாம். 3, 4, 8 போன்ற நடுத்தடங்களை எடுத்தால் இரண்டு பக்கத்தாருக்கும் இடைஞ்சல். அடுத்தடுத்த மூன்று வீட்டார் கூடிப் பேசி 1, 6, 11 என்று பிரித்துக்கொள்வதுதான் ஆகச் சிறந்த வழி.

5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், கூட்டம் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டுவது கடினம். ரவுட்டர் இருக்கும் அறையில் உள்ள கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் 5, கொல்லைப்புறத்துக் கைப்பேசிக்கு 2.4 என்று பிரிப்பது நலம். நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அதன் அருகே ரவுட்டர் வேண்டாம்.

குற்றவாளி யார் என்று காட்டும் கட்டளை

பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கிறது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் இல்லிருப்புக் கற்றலுக்கு மாறிய காலத்தில் தோட்டத்துப் பெற்றோர் பலரும் கண்ட காட்சி இது. பழி உடனே நிறுவனத்தின் மேல் விழும். பிழை வீட்டுக்குள்ளும் இருக்கலாம். அதைப் பிரித்துக் காட்டும் கருவி எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய பிங் என்ற சிறு கட்டளை அது. ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலம் அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆனது என்று சொல்லும்.

விண்டோஸில் கட்டளைப் பெட்டியைத் திறந்து, முதலில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் செய்ய வேண்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில் சில மில்லி வினாடிகளில் சீராக வந்தால் வீட்டு வைஃபை நலம். நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினாலோ பதிலே வராமல் போனாலோ குறை வீட்டுக்குள்தான்; தடமும் ரவுட்டர் இடமும் மாற வேண்டும். அடுத்து 1.1.1.1 என்ற பொது முகவரிக்கு அனுப்பலாம். முதல் சோதனை நன்றாக இருந்து இது மட்டும் தடுமாறினால் குறை வெளியே. அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு நிறுவனத்தை அழைத்தால் பேச்சுக்கு வலு இருக்கும்.

மூன்றாவது சோதனை முக்கியமானது. வீட்டில் யாராவது பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றும்போது மீண்டும் 1.1.1.1-க்கு பிங் செய்தால், 50 மில்லி வினாடியாக இருந்தது 800, 1000 என்று தாவுவதைப் பார்க்கலாம். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இந்தக் கோளாற்றுக்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். செம்பனை ஆலையின் எடைமேடை முன் குலை ஏற்றிய லோரிகள் நீண்டு நிற்கையில், ஒரே ஒரு கடிதம் கொண்டுவந்த மோட்டார் சைக்கிளும் வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? ரவுட்டருக்குள் நடப்பதும் அதுதான். பெரிய கோப்பின் பொட்டலங்கள் வரிசையை நிரப்பிவிட, ஆசிரியரின் குரலைச் சுமந்த சிறு பொட்டலம் பின்னால் காத்துக் கிடக்கிறது.

எளிய தீர்வு, பாட நேரத்தில் கைப்பேசிகளின் தானியங்கிப் படக் காப்பை நிறுத்தி வைத்து, இரவில் ஓடவிடுவது. ரவுட்டரில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால், அளந்து கண்ட வேகத்தில் 85 முதல் 90 விழுக்காடு வரை வைத்தால் இந்தத் தேக்கம் குறையும். கேத்லீன் நிக்கல்ஸும் வேன் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்ற வழிமுறை, வரிசையில் நெடுநேரம் தேங்கும் பொட்டலங்களைக் கவனித்து நெரிசலைத் தானே தளர்த்துகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளில் அதன் வழிவந்த நுட்பங்கள் உள்ளன.

பக்கத்தின் எடையைக் குறைத்தல்

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குத் திறந்த முதல் வலைப்பக்கத்தில் எழுத்து மட்டுமே இருந்தது. இன்று கணினித் திரையில் திறக்கும் ஒரு சராசரிப் பக்கம் 2.5 மெகாபைட்டைத் தாண்டுகிறது. அதில் பெரும்பகுதி படங்களும் நிரல்களும்; வாசகர் தேடி வந்த செய்தி சில கிலோபைட்தான்.

யுபிளாக் ஆரிஜின் என்ற இலவச உலாவி நீட்சி விளம்பரங்களையும், வாசகரின் பின்னால் தொடரும் உளவு நிரல்களையும் வரும் முன்பே தடுக்கிறது. ரேமண்ட் ஹில் என்பவர் எழுதியது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதான படங்களையும் காணொளிகளையும் தொட்டால் மட்டும் வரவழைக்கும் அமைப்பும் அதில் உண்டு. மெலிந்த இணைப்பு உள்ள வீட்டுக்கு அந்த ஒன்றே பேருதவி. குரோம் உலாவி தன் நீட்சி விதிகளை மாற்றியதால் அங்கே இப்போது யுபிளாக் ஆரிஜின் லைட் என்ற சுருங்கிய வடிவமே கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இயங்குகிறது. ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் காணொளி தானே ஓடுவதை நிறுத்தவும் முடியும். வாசிப்பு முறைப் பொத்தானை அழுத்தினால் பக்கத்தின் அலங்காரங்கள் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். தவறிப்போய் மூடிய பக்கத்தை மீண்டும் தேட வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும்.

காணொளிக்கு ஓர் எளிய கணக்கு. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட் எடுக்கும். 5 மெகாபிட் என்றால் 2.25 கிகாபைட். கைப்பேசியின் சிறு திரையில் 1080-க்கும் 480-க்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு குறைவு. டேட்டாவிலோ பல மடங்கு வேறுபாடு.

விண்டோஸ் கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைப்பவர்கள், அந்த இணைப்பின் அமைப்பில் அது அளவுக்குட்பட்டது என்று குறித்துவிட வேண்டும். இல்லையேல், வைஃபை என்பதால் கணினி அதை வரம்பற்றதாக நினைத்துப் பெரிய புதுப்பிப்புகளை இறக்கிவிடும். வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால், விண்டோஸ் அப்டேட் பகுதியில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பைத் திறந்து, வீட்டு வலைக்குள் மட்டும் பகிர்வதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கணினி இறக்கிய புதுப்பிப்பை மற்றவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும்.

பெயரை எண்ணாக்கும் இடம்

உலாவியில் தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்கான எண் முகவரியைக் கண்டறிய ஒரு சேவையகத்திடம் கேள்வி போகிறது. பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த டிஎன்எஸ் முறை இது. யாரிடம் கேட்பது என்பதை மாற்றியமைத்தால் வேகமும் காவலும் மாறும். 2024 செப்டம்பரில் மலேசியாவில் இந்த நுட்பச் சொல் வீட்டுப் பேச்சாகவே ஆனது. கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிச் சேவைகளுக்குப் போகும் டிஎன்எஸ் கேள்விகளை உள்நாட்டு நிறுவனங்களின் சேவையகத்துக்கே திருப்ப வேண்டும் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் பணித்திருந்தது. சூதாட்டம், ஆபாசம் போன்ற தளங்களைத் தடுப்பது நோக்கம் என்றது ஆணையம். தணிக்கைக்கு வழி திறக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. செப்டம்பர் 8 அன்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அத்திட்டம் நிறுத்தப்படுவதாக அறிவித்தார். தேர்வு பயனர் கையிலேயே நின்றது.

அந்தத் தேர்வைக் குழந்தைகளுள்ள வீடு நன்றாகப் பயன்படுத்தலாம். ரவுட்டரின் டிஎன்எஸ் கட்டத்தில் 1.1.1.3 என்று இட்டால் தீய நிரல் தளங்களும் ஆபாசத் தளங்களும் வீட்டின் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்தில் தடுக்கப்படும். 9.9.9.9 என்ற குவாட்9 சேவை, மோசடித் தளங்களையும் தீய நிரல் தளங்களையும் மட்டும் தடுக்கிறது. கணினியில் ஆர்வமுள்ள இளையோர் வீட்டில் இருந்தால், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் பை-ஹோல் மென்பொருளை நிறுவி, வீட்டுக்கென்றே ஒரு டிஎன்எஸ் சேவையகம் நடத்தலாம். கைப்பேசிச் செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களிலும் பெரும்பாலானவை அதில் நின்றுவிடும்.

ஒருமுறை இறக்கினால் ஒரு நூலகம்

கியூபாவில் இணையம் அரிதாக இருந்த காலத்தில், வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு டெராபைட் அளவுக்குத் திரைப்படங்களும் இதழ்களும் மென்பொருள்களும் வன்வட்டுகளில் கைமாறின. 'எல் பக்கெத்தே' என்று அதற்குப் பெயர். ஓர் இடத்தில் ஒருமுறை இறக்கியதைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அந்த வழியைச் சட்டத்துக்கு உட்பட்டே நம் வீடுகளிலும் செய்யலாம்.

2007-இல் தொடங்கிய கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி, முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கி இணையமின்றிப் படிக்க உதவுகிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இப்போது 150,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அதுவும் கிவிக்ஸில் கிடைக்கிறது. நல்ல இணைப்பு உள்ள இடத்துக்கு மடிக்கணினியைக் கொண்டுபோய் ஒருமுறை இறக்கி வந்தால் போதும். கிவிக்ஸில் ஒரு வசதி உண்டு: கணினியோ கைப்பேசியோ அந்தக் கோப்பைத் தன் வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பரிமாறும். அக்காளின் கணினியில் உள்ள கலைக்களஞ்சியத்தைத் தம்பி தன் கைப்பேசி உலாவியில் திறந்து படிப்பான். டாப்-அப் தீர்ந்த நாளிலும் படிப்பான்.

எழுத்து மட்டும் உள்ள நூல்கள் இன்னும் இலகுவானவை. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்துவரை இலவசமாக உள்ளன. தமிழில் தேடுவதற்கும் எழுதுவதற்கும் தடை இல்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985-இலேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டவர். அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இன்று விண்டோஸிலேயே சேர்ந்து வருகின்றன.

பூட்டு இல்லாத ரவுட்டர்

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெருந்தளங்கள் பலமணி நேரம் தடுமாறின. டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியது மிராய் என்ற நச்சுநிரல். அது படையாகத் திரட்டியது சாதாரண வீட்டு ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும்தான். ஆலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் 60-க்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் அந்தப் படை அவ்வளவு பெருகியிருக்காது.

ஆகவே ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதன் உள்மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பூட்டு வேண்டும். வந்து போகிறவர்களுக்கும் கேமராக்களுக்கும் விருந்தினர் வலையைத் தரலாம். அங்கிருந்து வீட்டுப் படங்கள் இருக்கும் கணினியைத் தொட முடியாது. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பு என்று வரும் ஏபிகே கோப்பை ஒருபோதும் நிறுவக் கூடாது. அழைப்பிதழுக்கு நிரல் தேவையில்லை. அது வங்கிக் கணக்கைத் திறக்க வந்த திருட்டுச் செயலி. அப்படி ஏதும் நடந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கியையோ, 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

தோட்டத்தில் கணினி படித்த இளையோர் இன்று பலர் இருக்கிறார்கள். பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அந்த இளையோரிடம் ஒரு வேண்டுகோள். வரும் வார இறுதியில் உங்கள் வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றி, தடத்தைச் சரிசெய்து, அம்மாவின் கைப்பேசியில் லோக்கல்சென்டையும் தம்பி தங்கைகளுக்குக் கிவிக்ஸையும் போட்டுக்கொடுங்கள். முடித்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் ரவுட்டரையும் பாருங்கள். கோபுரம் வர ஆண்டுகள் ஆகலாம். இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.